தண்ணி முப்பத்திமூணு டிகிரி

எழுந்திருக்காதீங்க சார். உட்காருங்க. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக் கயாக் படகுல உட்கார்ந்தாச்சுன்னா திரும்பி வர்ற வரைக்கும் கழட்டவும் கூடாது, எழுந்திருக்கவும் கூடாது. இது என் ரூல். ஓனர் போட்டது இல்லை, நான் போட்டது. 'இன்னும் மணல்லதானேம்மா இருக்கேன்'னு எல்லாருந்தான் கேக்கறாங்க. மணல்ல அடங்காதவங்க கடல்ல அடங்குவாங்களா?

தெரியுது சார், காத்தே இல்லை. எனக்கும் கண்ணு இருக்கு. கடல் எண்ணெய் ஊத்தி வெச்ச மாதிரி கிடக்கு. ஆனா கண்ணால பாத்து நான் யாரையும் அனுப்பறது இல்லை. காத்து எவ்வளவு, அலை எவ்வளவு, மத்தியானத்துக்கு மேல எப்படி மாறும், இது மூணும் இந்த ஃபோன்ல வரணும். நாலாவது தண்ணியோட சூடு. அதை நானே இறங்கி, முழங்கால் ஆழத்துல தெர்மாமீட்டர் வெச்சுப் பாப்பேன். நாலும் சரியா இருந்தா பச்சைக் கொடி. ஒண்ணு இடிச்சா மஞ்சள். அதுக்கு மேல இடிச்சா சிவப்பு.

இன்னைக்குப் பாருங்க, ஃபோன் இலங்கை டவரைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது. பாம்பன் பக்கம் இது ஒரு பெரிய தொல்லை. நாம இங்கேயே நின்னுக்கிட்டு இருப்போம், அந்த நாட்டுக்கு நல்வரவுன்னு மெசேஜ் வரும். நெட்டு போயிடும். வந்துடும் சார், சக்கரம் சுத்திக்கிட்டுதான் இருக்கு.

இந்தக் குடையா? இது ஃபோனுக்கு. வெயில்ல திரை தெரியமாட்டேங்குது, கண்ணைக் கூசுது. உங்க தொப்பி வண்டியிலயே இருக்கட்டும். போன வாரம் ஒருத்தரோட தொப்பி கடல்ல விழுந்து, அதைப் பிடிக்கறேன்னு சாஞ்சு, அவரும் விழுந்தார்.

வேர்க்குதா? வேர்க்கட்டும். தண்ணி இப்பக் குடிக்காதீங்க. நடுக்கடல்ல ஒண்ணுக்கு வந்துச்சுன்னா எங்கே போவீங்க? நான் யோசிச்சுத்தான் சொல்றேன். யோசிக்காம நான் ஒண்ணும் சொல்றது இல்லை. அதுதான் என் மேல எல்லாருக்கும் கோபம்.

உங்க டிரைவர் என்னைப் பாத்த பார்வையே சரியில்லை. டீக்கடையில சொல்லியிருப்பாங்க. "காளீஸ்வரியா? அந்தப் பொண்ணு போன வருஷம் ஒரு ஆளைக் கொல்லப் பாத்தது"ன்னு. சொல்லியிருப்பாங்க சார், ஊருக்கே வேற வேலை கிடையாது. இப்பவும் பாருங்க, வண்டிக்குள்ள ஏசியைப் போட்டு உட்கார்ந்துகிட்டு, கண்ணாடி வழியா இங்கேயே பாத்துக்கிட்டு இருக்கார். பாக்கட்டும். நான் ஒளிக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க, தப்பு யார் மேலன்னு.

நான் பி.எஸ்சி. பிசிக்ஸ். ராமநாதபுரத்துல படிச்சேன். எங்க அப்பா கரிமூட்டம் போடறவர். கருவேலங்கட்டையை அடுக்கி, மண்ணு பூசி, தீ வெச்சுக் கரி எடுக்கற வேலை. எங்க வீட்டுல காலேஜுக்குப் போனது நான் மட்டும்தான். அந்த வேலையில எனக்குப் பிடிக்காதது என்ன தெரியுமா சார்? ஒரு கணக்கு கிடையாது, ஒரு ஒழுங்கு கிடையாது. சித்திரை பிறந்தா எங்க அப்பா வெயில் ஏறினதும் வேலையைப் போட்டுட்டு வேப்ப மரத்தடியில படுத்துடுவார். உப்பைப் போட்டு நீராகாரத்தைச் சொம்பு சொம்பாக் குடிப்பார். "ஏம்ப்பா, மூட்டம் பாதியில நிக்குதே"ன்னு கேட்டா, "உடம்பு சொல்லுதும்மா"ம்பார். உடம்பு சொல்லுதாம்! அப்பவே முடிவு பண்ணினேன், உடம்பு சொல்றதைக் கேட்டுச் செய்யற வேலை எனக்கு வேண்டாம். நம்பர் சொல்லணும், நான் செய்யணும்.

அப்படி ஒரு வேலைதான் கிடைச்சுது. ரெக்ஸன் அண்ணன்னு ஒருத்தர், இதே கரையில இன்னும் கொஞ்சம் கிழக்கே கயாக் விடறவர். வெளியூர்ல இருந்து ஒரு டிரெய்னரைக் கூட்டிட்டு வந்து எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார். மத்தவங்க துடுப்புப் போடக் கத்துக்கிட்டாங்க. நான் கடலைப் பாக்கக் கத்துக்கிட்டேன். அந்த டிரெய்னர் ஒரு அட்டை கொடுத்தார். காத்து இவ்வளவுக்கு மேல போனா நிறுத்து. அலை இவ்வளவுக்கு மேல போனா நிறுத்து. தண்ணி பதினஞ்சு டிகிரிக்குக் கீழே போனா, யார் கெஞ்சினாலும் நிறுத்து. விழுந்தா மூச்சு அடைச்சுடும், கை விறைச்சுடும். இருபத்தஞ்சுக்கு மேல இருந்தா தண்ணியைப் பத்திக் கவலையே வேண்டாம். நான் அந்த அட்டையை மனப்பாடம் பண்ணிட்டேன். இப்பக் கேட்டாலும் சொல்லுவேன்.

நம்ம கடல்ல தண்ணி எப்பவும் இருபத்தெட்டு, முப்பதுதான். அதனால எல்லாரும் சிரிச்சாங்க. ரெக்ஸன் அண்ணனே சொன்னார், "ஏம்மா, பனி பெய்யற நாட்டுக்காரன் விறைச்சுச் செத்துருவோம்னு பயந்து பாக்கறான். உனக்கு என்னத்துக்கு இந்த வேலை?" நம்புராஜன்னு ஒரு கைடு இருந்தான். நான் தெர்மாமீட்டரோட இறங்கறப்பல்லாம் கரையில நின்னு கத்துவான், "காளி, தண்ணி கொதிச்சுருச்சா? முட்டையைப் போடவா?" தினமும் இதே ஜோக். தினமும் நாலு பேர் சிரிப்பாங்க. எனக்குக் கொடிக்காரின்னு பேர் வெச்சதும் அவன்தான். நான் கண்டுக்கலை. பாக்கணும்னு சொல்லியிருக்கு, பாத்தேன். வேற ஒருத்தியா இருந்தா வீட்டுல உட்கார்ந்தே ஒரு நம்பரைச் சொல்லியிருப்பா. நான் ஒரு நாள்கூடப் பொய் நம்பர் சொன்னது இல்லை.

என்ன சார்? மணியா? பதினொண்ணு ஆகப்போகுது. வந்துடும், வந்துடும். எனக்கும்தான் அவசரம்.

கார்த்திகை மாசம் ஒரு நாள் நான் சிவப்புக் கொடி ஏத்தினேன். கடல் பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பத்து மணிக்கு மேல வாடைக் காத்தும் அலையும் ஏறும்னு ஃபோன்ல இருந்துச்சு. மதுரையில இருந்து ஒரு பெரிய கூட்டம் வந்திருந்தது. ரெக்ஸன் அண்ணன் வந்தார், கொடியைப் பாத்தார், என்னைப் பாத்தார், கயித்தை அவுத்துக் கொடியை இறக்கிட்டார். நான் எல்லார் முன்னாடியும் அழுதேன். காத்து வந்துச்சா? வந்துச்சு. ரெண்டு கயாக் கவுந்து, மீன்பிடிக்கப் போன வள்ளத்துக்காரங்கதான் தூக்கிட்டு வந்தாங்க. அன்னைக்கு யாராவது, "காளீஸ்வரி, நீ சொன்னது சரிதாம்மா"ன்னு ஒரு வார்த்தை சொன்னாங்களா? சொல்லலை. நம்பு என்ன சொன்னான் தெரியுமா? "உன் வாய்முகூர்த்தம், காத்து வந்துருச்சு"ன்னான். நான் சொன்னதாலதான் காத்து வந்துச்சாம்!

அதுக்கப்புறம்தான் நான் ரூல் எல்லாம் போட்டேன். ஜாக்கெட் கழட்டக் கூடாது. கரையில இருந்து நான் ஃபோன்ல சொல்லாம எங்கேயும் நிக்கக் கூடாது, வழி மாறக் கூடாது. ரெக்ஸன் அண்ணனும் பயந்துபோய், "நீ சொல்றபடியே செய்யட்டும்மா"ன்னுட்டார். முதல் தடவையா எல்லாரும் என் பேச்சைக் கேட்டாங்க.

பாத்தீங்களா, வேர்வை நின்னுடுச்சு உங்களுக்கு. கொஞ்ச நேரம் உட்கார்ந்தா உடம்பு பழகிடும். நகர நகரத்தான் வேர்க்கும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன சித்திரை. கோயம்புத்தூர்ல இருந்து தாமோதரன்னு ஒருத்தர், அவர் சம்சாரம், இன்னும் நாலஞ்சு பேர். தாமோதரன் சார் நல்ல பருமன். பம்புசெட்டு கம்பெனி வெச்சிருக்காராம். வந்து இறங்கினதுல இருந்து பேச்சு, சிரிப்பு. என்னைப் பாத்து, "நீதான் கடலுக்கு டாக்டரா கண்ணு? நாடி பிடிச்சுப் பாத்தியா? எப்படி இருக்கு?"ன்னு கேட்டார். எனக்குப் பிடிச்சிருந்துச்சு சார். கேலிதான், ஆனா மரியாதையான கேலி. நானும் சொன்னேன், "நல்லா இருக்கு சார்"ன்னு.

அன்னைக்கு நான் என்னென்ன பாத்தேன்னு சொல்றேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க. காத்து, இல்லைன்னே சொல்லலாம். அலை, குளத்துல இருக்கற அளவுகூட இல்லை. சாயங்காலம் வரைக்கும் எந்த மாத்தமும் இல்லை. தண்ணி முப்பத்திமூணு. நான் பாத்ததுலயே அதுதான் அதிகம். பதினஞ்சு எங்கே, முப்பத்திமூணு எங்கே! அந்த வருஷத்துலயே அவ்வளவு நல்ல நாள் நான் பாத்தது இல்லை சார். சந்தோஷமாக் கொடி ஏத்தினேன். நம்பு அன்னைக்கும் தண்ணியில காலை வெச்சுட்டு, "காளி, இன்னைக்கு நெசமாவே முட்டை வேகும்டி. மண்டை காயுது, சாயங்காலமா வெச்சுக்கிருவோம்"ன்னான். அவன் முந்தின நாள் குடிச்சிருந்தான். குடிச்சா மறுநாள் அவனுக்கு எப்பவும் மண்டை காயும். "பச்சை ஏத்தியாச்சு, கிளம்பு"ன்னேன்.

போனாங்க. நேரா மணல் திட்டு வரைக்கும் போயிட்டு வரணும், அவ்வளவுதான். நான் இங்கே மாதிரியே கரையில, ஃபோனைப் பாத்துக்கிட்டு. பாதி வழியில நம்பு கூப்பிட்டான். தாமோதரன் சாருக்கு ஜாக்கெட் இறுக்குதாம், கழட்டணுமாம். நான் கூடாதுன்னுட்டேன். நீங்களே சொல்லுங்க, கழட்டலாமா? கழட்டிட்டு முங்கினா யார் பொறுப்பு? மறுபடியும் கூப்பிட்டான். தண்ணிக்குள்ள இறக்கி விட்டானாம், அது வெந்நீரா இருக்காம், இன்னும் எரியுதுங்கறாராம். நான் சொன்னேன், "நான்தான் காலையிலேயே சொன்னேனே, தண்ணி முப்பத்திமூணு. குளிராது. ஏறச் சொல்லு"ன்னு. அப்புறம் அவர் மணி என்னன்னு கேட்டுக்கிட்டே இருந்தாராம். சொன்னா மறுபடியும் அதையே கேட்டாராம். பணம் கொடுத்து வர்றவங்களே இப்படித்தான் சார், கடலைப் பாக்க மாட்டாங்க, கடிகாரத்தைப் பாப்பாங்க.

என்ன? பதினொண்ணு. இப்பத்தானே சொன்னேன்!

அதுக்கப்புறம் அவர் பேச்சையே நிறுத்திட்டாராம். அவ்வளவு பேசின மனுஷன். நம்பு என்ன நினைச்சான்? 'ஒரு வழியா அடங்கினாரு'ன்னு நினைச்சான். அவனே ஆஸ்பத்திரியில சொன்னான். உடம்பு வேர்வை எல்லாம் காஞ்சு, முகம் செக்கச்செவேல்னு, சும்மா ஜம்முனு உட்கார்ந்திருந்தாருன்னு சொன்னான். கரைக்குப் பக்கத்துல வந்தப்ப துடுப்பு கையில இருந்து நழுவிச்சு. எடுத்துக் கொடுத்தான். மறுபடியும் நழுவிச்சு. இடுப்பளவு தண்ணிதான் சார். அதுல மெதுவாச் சாஞ்சார். அலை அடிச்சுதா? இல்லை. காத்து அடிச்சுதா? இல்லை. நான் கரையில நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன், கண்ணாடி மாதிரி கடல்ல ஒரு மனுஷன் தானாச் சாயறார்.

தூக்கிப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உடம்பு அடுப்புல வெச்ச பாத்திரம் மாதிரி கொதிச்சுது. சம்சாரம் பேர் மைதிலி. அந்த அம்மா வண்டியில அவர் தலையை மடியில வெச்சுக்கிட்டு, சேலைத் தலைப்பால விசிறிக்கிட்டே வந்தாங்க.

டாக்டர் வெயில்னார். வெயிலால வந்ததுன்னார். "இந்த வெயில்ல, காத்தும் இல்லாம, அந்தப் பஞ்சுச் சட்டையையும் மாட்டிவிட்டு எந்த முட்டாள் அனுப்பினது?"ன்னு கத்தினார். ரெக்ஸன் அண்ணன் அங்கேதான் நிக்கறார். சட்டுனு என்னைக் கை காட்டினார் சார். ஒரு நிமிஷம் யோசிக்கலை. "இந்தப் பொண்ணுதான் சார் பச்சை ஏத்துச்சு. படிச்ச பொண்ணுன்னு நம்பினோம்." கார்த்திகையில என் கொடியை இறக்கினவர்! தண்ணி பாட்டிலை அள்ளிப் போடாம ரெண்டே ரெண்டு கொண்டுபோனவன் நம்பு! தனக்கு என்ன செய்யுதுன்னு வாயைத் திறந்து சொல்லாத ஆளு தாமோதரன் சார்! எல்லாரையும் விட்டுட்டு, முட்டாள் நான்!

நான் மறைக்கலை. "ஆமா, நான்தான் ஏத்தினேன். ஏன்னா அது பச்சை"ன்னு டாக்டர்கிட்டயே சொன்னேன். என் அட்டையில வெயில்னு ஒரு வரி உண்டா சார்? தண்ணி குளிர்ந்தா என்ன செய்யணும்னு இருக்கு. சுட்டா என்ன செய்யணும்னு எங்கேயாவது இருக்கா? இல்லாததை நான் எப்படிப் பாப்பேன்? பரிட்சையில பாடத்துல இல்லாத கேள்வி வந்தா மார்க்கைக் குறைப்பாங்களா? போராட்டம் பண்ணுவாங்க!

பிழைச்சுட்டார் சார். பிழைச்சுட்டார். ஆனா இன்னும் பேச்சு சரியா வரலையாம், வார்த்தை குழறுதாம். நடந்தா தடுமாறுதாம். கம்பெனியை மச்சான் பாத்துக்கறாராம்.

நான் ஃபோன் பண்ணினேன். ரெக்ஸன் அண்ணன் பண்ணலை, நம்பு பண்ணலை, நான்தான் பண்ணினேன். அந்த அம்மா எடுத்தாங்க. எல்லாத்தையும் சொன்னேன். காத்து இவ்வளவு, அலை இவ்வளவு, தண்ணி இவ்வளவு, ஒண்ணு விடாமச் சொன்னேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டலை. முழுசாக் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "அதெல்லாம் சரிங்கம்மா. நீங்க அவரைப் பாக்கவே இல்லீங்களா?"

என்ன கேள்வி சார் அது? என்னை எதுக்கு வேலைக்கு வெச்சாங்க? கடலைப் பாக்க. நான் கடலைப் பாத்தேன். ஆளைப் பாக்கறது கைடோட வேலை. சம்சாரத்தோட வேலை. அவங்க பக்கத்துலயே இன்னொரு கயாக்ல வந்தாங்களே, அவங்க பாத்தாங்களா? இதைக் கேக்கணும்னு நாக்கு வரைக்கும் வந்துச்சு. கேக்கலை. வெச்சுட்டேன். ஆனா ராத்திரியெல்லாம் அதுதான் காதுல கேக்குது. 'பாக்கவே இல்லீங்களா, பாக்கவே இல்லீங்களா'ன்னு. கோபம் கோபமா வருது. என்னைப் பாத்து அப்படிக் கேக்கலாமா? என்னைவிட ஜாக்கிரதையான ஆளு இந்தக் கரையில யாரு?

ரெக்ஸன் அண்ணன் அந்த வாரமே போகச் சொல்லிட்டார். வீட்டுல சும்மா கிடந்தேன். அப்பாவைத்தான் தாங்க முடியலை. மூட்டத்துக்குப் போறப்ப என் தெர்மாமீட்டரைத் தாண்டிப் போவார், அதைப் பாத்துட்டு என்னைப் பாக்காமப் போவார். இந்த ஓனர்தான், "நீ ரொம்பக் கறார்னு சொல்றாங்க, அப்படித்தாம்மா ஒரு ஆள் வேணும்"னு கூப்பிட்டார். இங்கேயும் ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு வேற கரை கிடையாது சார். கரி அள்ளத்தான் போகணும். அதனாலதான் இன்னைக்கு உங்களைக் காலையில இருந்து உட்கார வெச்சிருக்கேன். வேணும்னு பண்ணலை. டவர் வராம, நம்பர் பாக்காம, நான் அனுப்ப மாட்டேன். போன தடவை செஞ்சதைவிட ரெண்டு மடங்கு ஜாக்கிரதையா இருக்கேன்.

நீங்க பரவாயில்லை சார். முதல்ல ரொம்ப முறைச்சீங்க, எழுந்திருக்கப் பாத்தீங்க. இப்ப எவ்வளவு அமைதியாக் கேக்கறீங்க! இந்தக் கதையை இவ்வளவு நேரம் யாரும் கேட்டது இல்லை. பாதியிலேயே, 'இருந்தாலும் நீ பாத்திருக்கணும்'னு ஆரம்பிச்சுடுவாங்க. நீங்க ஒரு வார்த்தை குறுக்கே பேசலை.

ஆ, வந்துடுச்சு! வந்துடுச்சு சார்! சொன்னேன்ல? இருங்க, இருங்க, திறக்குது. காத்து, இல்லவே இல்லை. அலை, கால் மீட்டர்கூட இல்லை. சாயங்காலம் வரைக்கும் மாத்தம் இல்லை. தண்ணி காலையில நானே பாத்தது, முப்பத்திமூணு. எல்லாம் சரியா இருக்கு. பச்சை சார், பச்சை! இருங்க, கொடியை ஏத்திட்டு வந்துடறேன்.

ஏத்தியாச்சு. பாருங்க, ஆடவே இல்லை, அப்படியே தொங்குது. துணி காயப் போட்ட மாதிரி. கிளம்பலாம் சார். தள்ளி விடறேன், துடுப்பை நேராப் பிடிங்க.

துடுப்பு சார். நழுவிடுச்சு பாருங்க. எடுத்துக்கோங்க.

என்ன சொல்றீங்க? சரியாக் கேக்கலை. பதினொண்ணரை சார், பதினொண்ணரை. இந்தாங்க, நானே எடுத்துத் தர்றேன், பிடிங்க. கெட்டியாப் பிடிங்க. ஐயோ, என்ன சார் கை இப்படி...

சார்? சார், தலையை நிமித்துங்க. என்னைப் பாருங்க. இங்கே, என்னைப் பாருங்க சார்.

உங்க டிரைவர் எதுக்கு இந்தச் சுடுமணல்ல செருப்புகூட இல்லாம ஓடி வர்றார்?